மூன்றாம் நம்பர் பேட்டரி

ஜூன் 17, செவ்வாய்

சாரல். விடியலில் இருந்து விடவில்லை. மலை இருக்கும் இடமே தெரியவில்லை.

மச்சான் எடை: போகும்போது 60.6, முடிந்து 58.2. பி.பி. 150/90, பிறகு 110/70. நேற்றுக் குடித்த தண்ணீர் 900 மில்லி. டயாலிசிஸ் வார்டு பிரேமா சிஸ்டர் எழுதி வரச் சொன்னது இவ்வளவுதான். நோட்டின் முன்பக்கம் அதற்கு. பின்பக்கத்தை யாரும் புரட்டப் போவதில்லை, இது எனக்கு.

பேட்டரி வண்டி இன்று நின்றுவிட்டது. டயாலிசிஸ் முடிந்து மச்சானைப் பின்னால் உட்கார வைத்துத் தென்காசியில் இருந்து வருகிறேன். இலஞ்சி தாண்டிக் குளத்துக்கரை ஏற்றம். டிஸ்ப்ளேயில் சார்ஜ் நாலு பாயிண்ட் இருந்தது. ஏறத் தொடங்கியதும் மூன்று, இரண்டு, ஒன்று. பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ஒரு முனகல்கூட இல்லை.

"என்னட்டி, பிரேக்கப் புடிச்சியா?"

"இல்ல மச்சான். தானா நிக்கி."

அவரை ஓடைப் பாலத்துச் சுவரில் உட்கார வைத்தேன். தலைக்கு மேல் பிளாஸ்டிக் கவர். சாவியை எடுத்து, போட்டு, எடுத்து, போட்டு. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பவும் மூன்று பாயிண்ட் காட்டியது. ஏறிவிட்டது. வீடு வந்தோம்.

அவரிடம் சொல்லாதது: இது மூன்றாவது தடவை. முதல் தடவை மகள் சபீனாவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வரும்போது. இரண்டாவது, ரேஷன் அரிசி மூட்டையோடு. இரண்டு தடவையும் தானாகச் சரியானது. இன்றும் தானாகச் சரியானது. அதுதான் பயமாக இருக்கிறது.

சபீனாவின் யூனிபார்ம் காயவில்லை. அயர்ன் பாக்ஸ் வைத்துத் தேய்த்தே காயப்போட வேண்டும்.

ஜூன் 18, புதன்

மழை வெறித்திருக்கிறது. வெயில் இல்லை, மழையும் இல்லை.

வேலைகள்: துணி. காய்கறியை நறுக்கி இரண்டு மணி நேரம் தண்ணீரில் போட்டு வடிப்பது (பொட்டாசியம் மச்சானுக்கு ஆகாது). மாத்திரை வாங்க. ஷோரூமுக்கு போன்.

ஷோரூம் போன் எடுக்கவில்லை. நேரிலேயே போனேன். வண்டி வாங்கிய இடத்தில் இப்போது நேந்திரங்காய் சிப்ஸ் கடை. பெரிய சட்டியில் எண்ணெய் கொதிக்கிறது. "அவங்க காலி பண்ணி ஆறு மாசம் ஆச்சுக்கா. உப்பு போட்டது வேணுமா, வெல்லம் போட்டதா?" என்று கடைக்காரர் கேட்டார். பேட்டரி வாரண்டிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு வருடத்துக்குத்தான். வண்டிக்கு வயது ஒன்றரைக்கு மேல்.

வடகரையில் இருந்து தென்காசி ஆஸ்பத்திரிக்குப் பதினாலு கி.மீ. செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்கு முதல் ஷிப்ட். என்னைக் கட்டிய பிறகு மச்சான் பதினாலு வருடம் ஷார்ஜாவில் ஏ.சி. எலக்ட்ரீசியன். போன வருடத்துக்கு முந்தின வருடம் கிட்னி இரண்டும் போய்த் திரும்பி வந்தார். டயாலிசிஸ் முடிந்ததும் பி.பி. இறங்கும், பஸ்ஸில் நிற்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிக்க நமக்கு முடியாது. லைசென்ஸ் கேட்காத வண்டி என்றுதான் இதை வாங்கினோம். நான் முப்பத்தொன்பது வயதில் ஓட்டப் பழகினேன். இது இல்லையென்றால் என்ன என்று யோசிக்கவே முடியவில்லை.

யூட்யூபில் பார்த்தது: சார்ஜர் பழுதாக இருக்கலாம். வயர் லூசாக இருக்கலாம். மோட்டாருக்குக் கரண்ட் விடுகிற கன்ட்ரோலர் போயிருக்கலாம். பேட்டரி போயிருக்கலாம். எல்லாம் "லாம்."

சீட்டுக்கு அடியில் திறந்தேன். ஐந்து பேட்டரி, செங்கல் மாதிரி வரிசையாக. ஒரு முனையில் பச்சையாகப் பூத்திருந்தது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன், வாஸ்லின் தடவினேன், ஸ்க்ரூவை முறுக்கினேன். மச்சான் கட்டிலில் இருந்தபடியே, "சார்ஜர்ல பச்ச லைட் வருதா?" என்றார். வருகிறது. "அப்ப அது நல்லாருக்கு. லூஸ் கனெக்சனாத்தான் இருக்கும்."

ரொம்ப நிம்மதி. கடைக்குத் தனியாகப் போய் வந்தேன். ஜம்மென்று போனது.

ஜூன் 19, வியாழன்

மழை. சாரல் இல்லை, மழையே.

5.50க்குக் கிளம்பினோம். இலஞ்சிக்குப் பக்கத்தில் நின்றது. இந்தத் தடவை திரும்ப வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது. ஒரு பாயிண்ட் வரும், இரண்டு ஆள் ஏறினால் அணையும்.

இன்னும் நாலு கி.மீ. தள்ளினேன். சீசன் நேரம், வருகிற ஆட்டோ எல்லாம் குற்றாலத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு நிற்காமல் போகிறது. ஒரு டூரிஸ்ட் வேன் நின்றது. கண்ணாடியை இறக்கி ஒரு பையன், "அக்கா, ஃபால்ஸ்ல தண்ணி நல்லா விழுதா?" என்றான். "விழுது" என்றேன். போய்விட்டார்கள். அவரையாவது ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் விடுங்கள் என்று ஏன் கேட்கவில்லை? வாயில் வரவே இல்லை. இப்போது வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சான் வலது கையால் பின்னால் இருந்து தள்ளினார். இடது கையில் ஊசி போடுகிற இடம், அதில் பளு தூக்கவே கூடாது. "கைய எடுங்க!" என்று ரோட்டில் கத்தினேன். எடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் வண்டி லேசானது. திரும்பிப் பார்த்தால் மறுபடியும் தள்ளுகிறார். நடப்பதற்கே மூச்சு வாங்குகிறது, இதில் இது வேறு.

8.05க்குப் போனோம். மெஷினை வேறு ஒருவருக்குப் போட்டுவிட்டார்கள். பிரேமா சிஸ்டர் எங்கெங்கோ பேசி 11 மணிக்கு ஒரு மெஷின் வாங்கித் தந்தார். இரண்டு மணி நேரம்தான். நாலு மணி நேரம் ஓட வேண்டியது.

எடை: 60.9, முடிந்து 59.7. அவருக்கு இருக்க வேண்டியது 58.

கேட் பக்கத்தில் ஒரு பிளக் இருந்தது. சார்ஜ் போடலாமா என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். "இது பேசன்ட்டுக்கான கரண்ட்டுமா. வண்டிக்குக் குடுக்க முடியாது." நியாயம்தான். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ். காலேஜ் பொண்ணு ஒருத்தி அவருக்கு எழுந்து இடம் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை. அடுத்த ஸ்டாப்பில் உட்கார்ந்தார்.

என் செருப்பு வார் அறுந்துவிட்டது. வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

வானம் தெளிவு. மலை முழுதாகத் தெரிகிறது.

ஜும்மாவுக்குப் போகும் முன்னால் மச்சான் அவருடைய அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில். "வாரத்துக்கு ரெண்டு தடவ போதும்னு இருக்கேன். பொம்பள மழையில வண்டியத் தள்ளுதா, நான் பின்னால கைய வீசிட்டு நடக்கேன். எவ்வளவு நாளைக்கு?"

அடுப்பை அணைத்தேன். வந்து கேட்டேன்.

"ரெண்டு தடவையா? டாக்டர் சொன்னாரா?"

"நான் சொல்லுதேன்."

"உங்களுக்கு மெஷினப் பத்தித் தெரியும். உடம்பப் பத்தி என்ன தெரியும்?"

"ஏட்டி ஜெமீலா, என் உடம்ப எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா அங்கனயே பாத்திருப்பீங்கள்லா. கால் வீங்கி எட்டு மாசம் எங்ககிட்டச் சொல்லாம வேல செஞ்சீங்கள்லா."

சொல்லியிருக்கக் கூடாது. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து சாப்பிட்டார். சபீனா இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டாள்.

மதியம் பஸ்ஸில் போய் வண்டியை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்து மெக்கானிக் செல்வம் கடை வரைக்கும் தள்ளினேன். அவர் மூன்று மணி நேரம் சார்ஜ் போட்டுவிட்டு, மீட்டரை வைத்து ஒவ்வொரு பேட்டரியாகப் பார்த்தார். 12.7, 12.7, 12.6, 12.7, 12.8 வோல்ட்.

"பேட்டரி எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. கன்ட்ரோலர்தான் கம்ப்ளைண்ட். மாத்திருவமா?"

சரி என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். பிறகு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றேன். தனியாக ஓட்டி வந்தேன். குளத்துக்கரை ஏற்றத்தில் பயந்துகொண்டே முறுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை, சிரித்துக்கொண்டே ஏறியது. ஒரு மெஷின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவராகவே கேட்டார். "தனியா வந்தியா?"

"ஆமா."

"நிக்கலியா?"

"இல்ல."

"இதுக்கு முன்னால எப்பவாவது நின்னுச்சா?"

சொன்னேன். சபீனாவோடு, அரிசி மூட்டையோடு. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

ஜூன் 21, சனி

லேசான தூறல்.

போக வர பஸ். எடை: 62.1. இவ்வளவு ஏறியதே இல்லை. பிரேமா சிஸ்டர் நோட்டைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். மச்சான் காதில் விழும்படியே கேட்டேன், வாரத்துக்கு இரண்டு தடவை போதுமா என்று.

"யாரு சொன்னா? ஒரு நாள் பாதியா ஓடுனதுக்கே இந்தக் கதி. கொறச்சா தண்ணி நெஞ்சுல போய் நிக்கும். அப்புறம் பஸ்ல வர மாட்டீங்க, ஆம்புலன்ஸ்லதான் வருவீங்க."

மச்சான் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

முடிந்து 58.8. ஒரே நாளில் அதற்கு மேல் தண்ணீர் எடுக்கக் கூடாதாம். பி.பி. 90/50. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, "ஜெமீலா" என்றார். அவ்வளவுதான். தூணைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. "சோடா குடுங்க" என்கிறார் ஒருவர், "இளநி குடுங்கம்மா" என்கிறார் இன்னொருவர். இளநீர் அவருக்கு விஷம். "ஒண்ணும் குடுக்காதீங்க, ஒண்ணும் குடுக்காதீங்க" என்று நான் கத்துவதைப் பார்த்து ஒரு அம்மா, "புருசனுக்குத் தண்ணி குடுக்க மாட்டேங்கா பாரு" என்றாள்.

காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். பத்து நிமிடத்தில் தெளிந்தார். ஆட்டோ.

வழியில் சொன்னார்: "நாளைக்கு அந்த வண்டியப் பாப்போம். கன்ட்ரோலர் எல்லாம் இல்ல. எனக்கு இப்பத்தான் வெளங்குது."

ஜூன் 22, ஞாயிறு

மழை இல்லை. நல்ல காற்று.

சபீனாவைப் பக்கத்துத் தெரு ஒர்க்ஷாப்புக்கு அனுப்பி ஒரு பழைய கார் ஹெட்லைட் பல்ப் வாங்கி வரச் சொன்னார். நாற்காலியைப் போட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். நான் பேட்டரிகளைக் கழற்றினேன். ஒவ்வொன்றும் ஏழு கிலோவாவது இருக்கும். நான் தூக்கும்போதெல்லாம் அவர் கை பாதி எழும்பித் திரும்ப மடியில் உட்காரும்.

"சும்மா கெடக்கும்போது எல்லாம் பன்னெண்டரைதான் காட்டும். வேல குடுத்துப் பாத்தாத்தான் தெரியும். ஒத்த ஆளா நீ போனா அதுக்கு வேல கம்மி. நான் ஏறுனா தாங்கல. அதான் அந்த மெக்கானிக்குக்குப் புடிபடல."

ஒவ்வொரு பேட்டரியிலும் அந்தப் பல்பை மாட்டிப் பத்து நிமிடம் எரிய விடுவது. சபீனா போனில் நேரம் பார்த்தாள். நான் மீட்டரைப் பிடித்தேன்.

1 – 12.7ல் இருந்து 12.3. பல்ப் வெள்ளையாக.
2 – 12.7ல் இருந்து 12.2.
3 – 12.6ல் தொடங்கி ஒரு நிமிடத்தில் 11. நாலாவது நிமிடம் 9.8. பல்ப் சிவந்துபோய், கரி மாதிரி.
4 – 12.3.
5 – 12.3.

"எடு, எடு, போதும்" என்றார். குரலில் சந்தோஷம். "இவன் ஒருத்தன்தான். மத்த நாலும் நல்லாருக்கு."

மூன்றாவதைத் திருப்பிப் பார்த்தேன். பக்கச் சுவர் உப்பியிருந்தது, வாயில் காற்றை அடக்கிய கன்னம் மாதிரி. இதைத்தான் இத்தனை நாளும் ஹாலில் வைத்து விடிய விடிய சார்ஜ் போட்டிருக்கிறேன். மூன்று அடி தள்ளி சபீனா படுத்திருப்பாள்.

"மச்சான், இது வெடிக்குமா?"

"இனிமே அதுக்குச் சார்ஜ் போடக் கூடாது. கொல்லைல கொண்டு வை. நெழல்ல."

வைத்தேன். பிறகு இரண்டு தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருக்கிறதா என்று. இல்லை. மூன்றாவது தடவை போகும்போது சபீனா சிரித்தாள்.

சாயங்காலம் அவர் செல்வத்துக்கு போன் பண்ணினார். ஒரே ஒரு பேட்டரி வேண்டும் என்றார். புதுசு ஒன்றைப் பழைய நாலோடு சேர்த்தால் அதுவும் சீக்கிரம் கெடும், மாற்றினால் ஐந்தையும் மாற்ற வேண்டும் என்று செல்வம் சொல்லியிருக்கிறார். அது உண்மைதானாம், மச்சானே சொல்கிறார். ஐந்து வாங்கக் காசுக்கு இப்போது எங்கே போவது?

ஆனால் செல்வம் ஒன்று சொன்னாராம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற இசக்கி என்று ஒருவர். இதே மாதிரி வண்டி, நாங்கள் வாங்கிய மாதத்திலேயே வாங்கியது. வேன் இடித்து ஆறேழு மாதமாக ஓடாமல் கிடக்கிறது.

"கெடந்த பேட்டரியா?" என்று மச்சான் உதட்டைப் பிதுக்கினார். "சார்ஜ் போடாமக் கெடந்தா அதுவும் செத்துருக்கும். எதுக்கும் கேட்டுப் பாரு."

ஜூன் 23, திங்கள்

குற்றாலத்தில் கூட்டம் தாங்கவில்லை. மெயின் அருவிக்குப் போகிற வழி முழுக்க ஈரத் துண்டு, எண்ணெய் வாடை, ரம்புட்டான், மங்குஸ்தான். "எண்ணெய் தேய்க்கணுமா சார், எண்ணெய்!" என்று இரண்டு பக்கமும் கூப்பிடுகிறார்கள். இசக்கி எங்கே என்று கேட்டால் எல்லோருக்கும் தெரிகிறது.

ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு ஆளைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் தட்டிக்கொண்டே என்னிடம் பேசினார்.

"பேட்டரியா? அது நல்லாத்தாம்மா இருக்கு. வாரத்துக்கு ஒருக்கா சார்ஜ் போட்டு வச்சிருக்கேன்."

"ஓடாத வண்டிக்கா அண்ணாச்சி?"

"எப்ப ஓடும்னு தெரியாதுல்லா. ஓடுத அன்னைக்கு ரெடியா இருக்கணும்ல?"

விஷயத்தைச் சொன்னேன். மச்சானின் எலக்ட்ரீசியன் வேலை, டயாலிசிஸ், பதினாலு கி.மீ., பஸ் ஸ்டாண்டில் விழுந்தது. முதுகில் தட்டுவது நின்றது. படுத்திருந்த ஆள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒண்ணு குடுத்துட்டா எனக்கு நாலுதான இருக்கும்? நாலுல ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப?"

அவர் மறுபடியும் தட்ட ஆரம்பித்தார். நான் வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அவரிடம் இருந்து போன். நம்பர் எப்போது வாங்கினார்? நான்தான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், மறந்துவிட்டது.

"எம்மா, ஒங்க வீட்டுக்காரரு எலக்ட்ரீசியன்னு சொன்னேல்லா? புதங்கிழம கூட்டிட்டு வா. என் மோட்டார ஒருக்கா பாக்கட்டும். பொறவு பேசுவோம்."

ஜூன் 24, செவ்வாய்

போகும்போது பஸ், வரும்போது ஆட்டோ. எடை: 60.3, முடிந்து 58. நல்லது. பி.பி. 110/70.

மனதில் இருப்பதை இங்கே எழுதிவிடுகிறேன். இசக்கி அண்ணாச்சியின் மோட்டார் செத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மச்சான் அதைச் சரி பண்ணிவிட்டால் பேட்டரி நமக்கு இல்லை. மச்சானால் சரி பண்ண முடியும், அதுதான் பயம். விடியற்காலை சுபுஹு தொழுகையில் கையேந்தி துஆ கேட்கும்போது இந்த நினைப்பு வந்து, பாதியிலேயே கையை இறக்கிவிட்டேன். இன்னொருத்தர் வண்டி ஓடக் கூடாது என்று எப்படிக் கேட்பது?

ஜூன் 25, புதன்

சாரல், நடுநடுவே வெயில்.

மூன்று பேரும் பஸ்ஸில் குற்றாலம். சபீனாவுக்கு லீவு இல்லை, லீவு போட்டுவிட்டாள். மச்சானின் பையில் பல்ப், மீட்டர், ஸ்பேனர், டெஸ்டர்.

இசக்கி அண்ணாச்சி வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி நின்றது வண்டி. பின்சக்கரம் வளைந்திருந்தது. மற்றபடி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முதலில் பேட்டரியைப் பார்ப்போமா என்றேன். மச்சான் என்னைப் பார்த்தார்.

"மோட்டாரப் பாக்காம பேட்டரியத் தொட மாட்டேன்."

ஒரு மணி நேரம். தரையில் உட்கார்ந்துகொண்டார். எதையெதை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவர் சொல்ல, இசக்கி அண்ணாச்சியும் சபீனாவும் கழற்றினார்கள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "வயர்தான் அந்துருக்கு போல" என்று அவர் ஒரு கட்டத்தில் சொன்னபோது அண்ணாச்சி முகம் மலர்ந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு மூடி கழன்றது. கருகிய நாற்றம் எனக்கே வந்தது. உள்ளே செம்புக் கம்பி எல்லாம் கறுத்துக் கிடந்தது. வேன் இடித்ததில் மூடி விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

மச்சான் டெஸ்டரைத் துணியில் துடைத்தார். 

"அண்ணாச்சி, பொய் சொல்ல மாட்டேன். இது எந்திரிக்காது. வேற மோட்டார் போட்டாத்தான் உண்டு. வேற மோட்டார்னா, வேற வண்டியே வாங்கிரலாம்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "செல்வமும் இதத்தான் சொன்னான். அவன் வேல தெரியாம சொல்லுதான்னு நெனச்சேன்." தார்ப்பாயை மடித்தார். அதை மடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பத் திரும்ப மடித்தார்.

நான் அழுதுவிட்டேன். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. சபீனா, "உம்மா, என்ன?" என்றாள். தூசி என்றேன், மழையில்.

ஐந்து பேட்டரியும் பல்ப் டெஸ்ட். ஒன்றுகூடச் சோடை இல்லை. எங்கள் நாலோடு சரியாகச் சேர்கிற மாதிரி 12.3 காட்டிய ஒன்றை மச்சான் எடுத்தார்.

"அஞ்சையும் எடுத்துட்டுப் போங்க பாய். இங்கன என்னத்துக்கு?"

"ஒண்ணு போதும். மத்த நாலும் எங்க வீட்டுல சும்மா கெடந்து கெட்டுறக் கூடாது."

"கெட விட மாட்டேன். நான் சார்ஜ் போட்டுட்டேதான் இருப்பேன். ஒங்களுக்கு அடுத்தது படுத்தா வாங்க."

வரும்போது ஒரு பை ரம்புட்டான் கொடுத்தார். மச்சான் சாப்பிடக் கூடாது என்று சொல்ல மனசு வரவில்லை. வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் சபீனா ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள். மச்சான் ஒன்றை உரித்து, முகர்ந்து பார்த்து, என் கையில் வைத்தார். பேட்டரி என் மடியில் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

இருட்டிக்கொண்டு கிடந்தது, ஆனால் பெய்யவில்லை.

நேற்றே பேட்டரியை மாட்டியாகிவிட்டது. காலையில் பத்துத் தடவை ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தேன். 5.30க்கே கிளம்பினோம், நின்றால் தள்ளுவதற்கு நேரம் வேண்டும் என்று. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

குளத்துக்கரை ஏற்றம். நாலு பாயிண்ட். கண்ணை ரோட்டில் வைக்காமல் டிஸ்ப்ளேயிலேயே வைத்திருந்தேன். "எதுத்தாப்புல பாருட்டி" என்றார். மூன்று ஆனது. மூன்றிலேயே நின்றது. ஏறி இறங்கிவிட்டோம்.

ஆஸ்பத்திரிக்கு 6.10. கேட்டே திறக்கவில்லை.

எடை: 60.1, முடிந்து 58. வரும்போதும் ஏறியது. வீட்டுக்கு வந்தபோது இரண்டு பாயிண்ட். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் இரண்டு என்றால் எவ்வளவு தூரம்? ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எதிர்க்காற்று அடித்தால்? அடுத்து எந்தப் பேட்டரி? மச்சான் ஆறு மாதம் ஓடும் என்கிறார். ஆறு மாதம் கழித்து?

இதையெல்லாம் அவரிடம் கேட்டேன், ஒவ்வொன்றாக. சிரித்தார்.

ஜூன் 27, வெள்ளி

வெயில்.

ஜும்மாவுக்குப் போனவர் வரவில்லை. இரண்டு மணி. வெளியே பார்த்தால் வண்டி இல்லை. அவர் போன் கட்டில் மேல் அடித்துக்கொண்டிருக்கிறது.

2.20: பள்ளிவாசலில் ஆள் இல்லை. தொழுகை நடத்துகிற பேஷ் இமாம், தொழுதுவிட்டு அப்போதே போய்விட்டார் என்றார்.

2.45: சபீனா பண்பொழி ரோடு வரை நடந்து பார்த்துவிட்டு வந்தாள். இல்லை.

3.10: பஸ் ஸ்டாண்டில் விழுந்தது மாதிரி எங்கேயாவது? யாராவது இளநீர் கொடுத்தால்? சட்டைப் பையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்க வேண்டும், இவருக்கு இன்னது கொடுக்கக் கூடாது என்று. இத்தனை நாள் தோன்றவில்லையே.

3.30: ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினேன். வரவில்லை.

இப்படி மணி போட்டு எழுதுவது கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றுதான்.

3.50க்கு வந்தார். வெயிலில் முகம் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டி. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "முப்பத்தெட்டு" என்றார்.

"என்னது?"

"முப்பத்தெட்டு கிலோமீட்டர். தென்காசி போயி, அங்கன இருந்து குத்தாலம், செங்கோட்ட, வீடு. இன்னும் ஒரு பாயிண்ட் நிக்கி. ரெண்டு பேரு போனாலும் முப்பத்திரண்டு எப்படியும் வரும். நமக்கு வேண்டியது இருபத்தெட்டு."

எவ்வளவு திட்டினேன் என்று எழுத முடியாது. தெருவே கேட்டிருக்கும். நின்று கேட்டுக்கொண்டார். கடைசியில், "எத்தன பாயிண்ட், எத்தன பாயிண்ட்னு நீ கேட்டுட்டே இருந்தேல்லா, அதான்" என்றார். பிறகு அரை டம்ளர் தண்ணீர் கேட்டார். அளந்து கொடுத்தேன். கொஞ்சம் சிந்தியது. சிந்தினதுக்கு மறுபடி ஊற்றிக் கொடுத்தேன்.

வண்டியை ஓட்டும்போது தலை சுற்றியதா என்று கேட்டேன். இல்லையாம். திரும்ப இரண்டு தடவை கேட்டேன். இல்லையாம்.

பிரேமா சிஸ்டருக்கு போன் பண்ணி, அவர் வண்டி ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். போகும்போது அவர் ஓட்டலாம், மெதுவாக. வரும்போது கூடவே கூடாதாம்.

ஜூன் 28, சனி

5.40. சாரல் லேசாக. மலை மேல் மேகம்.

சட்டைப் பையில் சீட்டு வைத்தாயிற்று. இளநீர், சோடா, பழம் கூடாது. என் நம்பர் கீழே.

முழு சார்ஜ். கொல்லையில் வைத்துத்தான் போட்டேன், இனிமேல் எப்போதும் அங்கேதான்.

அவர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடத்தில் நான் அவர் பின்னால் வண்டியில் போனது கல்யாணம் ஆன புதுசில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. பின்னால் எதைப் பிடிப்பது? கம்பி ஒன்று இருக்கிறது, ஈரமாக. ஏற்றத்தில் டிஸ்ப்ளே எனக்குத் தெரியாது, அவர் தோள் மறைக்கும். எத்தனை பாயிண்ட் என்று கேட்டுக்கொண்டே போகக் கூடாது என்று

ஹாரன் அடிக்கிறார்.